அரிசிப் பையோடு கடைக்குப் போங்கள்: ஸ்ட்ரோலர் தேர்ந்தெடுக்கும் முறை

ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி, வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் அளவு நாடாவோடு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வாசற்கதவு, லிஃப்ட், காரின் டிக்கி, மடித்த வண்டியைச் சாத்தி வைக்கப்போகும் மூலை, இந்த நான்கையும் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் குழந்தைக்கான ஸ்ட்ரோலர்கள் பெரும்பாலும் 45 முதல் 60 செ.மீ. அகலம் இருக்கும். பழைய அபார்ட்மென்ட் லிஃப்ட்களில் கதவு வழியாக வண்டி நுழைந்துவிடும், ஆனால் நீளம் இடித்துக் கதவு மூடாது. அதனால் லிஃப்ட்டின் உள் ஆழத்தையும் அளக்க வேண்டும். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் மிச்சமிருக்கும் இடத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். ஆட்டோவில்தான் அதிகம் போவீர்கள் என்றால், மடித்த வண்டி கால் வைக்கும் இடத்தில் அடங்குகிறதா என்பதே கேள்வி.

எடையையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். சின்னதாக மடியும் மாடல்கள் 6 முதல் 8 கிலோ, முழு அளவு வண்டிகள் 10 முதல் 13 கிலோ. லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி வீட்டில், ஒரு கையில் 9 கிலோ குழந்தையும் மறு கையில் 12 கிலோ வண்டியுமாகத் தினமும் படியேற யாராலும் முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, வேறு எந்த வசதி குறைந்தாலும் சரி, 7 கிலோவுக்குள் பாருங்கள்.

அடுத்து, குழந்தையின் வயது. தானாக உட்காரும் வரை, அதாவது சுமார் ஆறு மாதம் வரை, குழந்தை படுத்தபடிதான் போக வேண்டும். கழுத்து நிற்காத குழந்தையைச் சாய்த்து உட்கார வைத்தால் தலை முன்னால் கவிழும். மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் குறுகும். ஐரோப்பியத் தரமான இஎன் 1888, பிறந்த குழந்தைக்கான வண்டியில் இருக்கைக்கும் முதுகுப் பகுதிக்கும் இடையே குறைந்தது 150 டிகிரி கோணம் கேட்கிறது. பெட்டியில் ‘0+ மாதம்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சாய்மானத்தைக் கடைசி வரை இறக்கி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பட்டையை இழுத்துத் தளர்த்தும் வகைகளில் துணி நடுவில் தொட்டில் போலத் தொய்யும், குழந்தையின் முதுகு வளைந்துவிடும். அடியில் கெட்டியான பலகை இருப்பது நல்லது. குழந்தைக்கான கார் சீட்டையே வண்டியின் சட்டத்தில் பொருத்தித் தள்ளும் ஏற்பாடு காரிலிருந்து கடைக்குப் போய்வர உதவும். தூங்க வைக்கும் இடமாக அதை நினைக்கக் கூடாது.

அதே இஎன் 1888 தரத்தின் முதல் பகுதி 15 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கான வண்டிகளுக்கு, இரண்டாம் பகுதி 22 கிலோ வரை. மூன்று வயது வரை பயன்படுத்த 15 கிலோ போதும். அதற்கு முன்பே வண்டி சிறிதாகிவிடுவது பெரும்பாலும் முதுகுப் பகுதியின் உயரத்தால்தான். தலை மேற்கூரையில் முட்ட ஆரம்பித்தால் எடை வரம்பு மிச்சமிருந்தும் பயனில்லை.

பணம் போட வேண்டிய இடம் சக்கரம். மாலின் வழவழப்பான தரையில் எல்லா வண்டியும் ஓடும். நம் தெருவில் பேவர் கற்களின் இடுக்கு, மழைநீர் வடிகால் மூடியின் இடைவெளி, தோண்டி மூடிய கேபிள் பள்ளம் என்று வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். 12, 13 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் சக்கரம் இடுக்கில் சிக்கினால் முன்பக்கம் சட்டென்று நின்று, வண்டி முன்னால் கவிழப் பார்க்கும். தெருவில் தள்ளுவதாக இருந்தால் முன்சக்கரம் 17, 18 செ.மீ.க்குக் குறையாமலும் பின்சக்கரம் அதைவிடப் பெரிதாகவும் இருக்கட்டும். ஃபோம் நிரப்பிய ரப்பர் டயர் நம் ஊருக்குப் பொருத்தம், பஞ்சர் பயமில்லை. காற்றடைத்த டயர் இன்னும் மெத்தென்று போகும்தான். ஆனால் பஞ்சர் கடை கம்ப்ரஸரில் வைத்தால் அந்தச் சின்ன டியூப் நொடியில் வெடித்துவிடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவைப் பார்த்துக் கைப்பம்பால் அடிக்க வேண்டும். சுழலும் முன்சக்கரத்துக்கு நேராகப் பூட்டும் வசதி கட்டாயம், கரடுமுரடான இடத்தில் பூட்டாவிட்டால் சக்கரம் படபடவென்று ஆடும்.

இங்கே விற்கும் நடுத்தர விலை வண்டிகளில் பலவற்றில் கைப்பிடியை மறுபக்கம் திருப்பிக் குழந்தையை உங்கள் முகம் பார்க்க வைக்கலாம். விற்பவர் இதை முதலில் காட்டுவார். திருப்பிய பிறகு நீங்களே பத்தடி தள்ளிப் பாருங்கள். இப்போது சுழலும் சக்கரங்கள் உங்கள் காலடியிலும் சுழலாத பெரிய சக்கரங்கள் எதிர்ப்பக்கமும் இருக்கும். திரும்ப மறுக்கும். பிரேக் மிதியும் குழந்தையின் முதுகுப் பக்கம், உங்கள் காலுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். நான்கு சக்கரமும் சுழலும் மாடலில் திருப்பும் சிரமம் குறையும், பிரேக் சிக்கல் அப்படியே இருக்கும். முகம் பார்த்துப் பேசிக்கொண்டே போக விரும்பினால், இருக்கையையே கழற்றித் திருப்பி மாட்டும் வகை சிறந்தது. விலையும் எடையும் கூடுதல்தான்.

கடையில் காலி வண்டியைத் தள்ளிப் பார்த்து ஒன்றும் தெரியாது. 5 கிலோ அரிசிப் பை இரண்டை எடுத்துப் போய் இருக்கையில் வைத்துப் பெல்ட் போடுங்கள். ஒற்றைக் கையால் நேராகத் தள்ளும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. கைப்பிடியை அழுத்தினால் முன்சக்கரம் எளிதாக மேலெழ வேண்டும், நடைபாதை ஓரம் ஏற அதுதான் வழி. பார்க்கிங் சரிவில் பிரேக் போட்டு, கைப்பிடியைப் பிடித்தபடியே லேசாக அழுத்துங்கள். நகர்ந்தால் வேண்டாம். இரண்டு பின்சக்கரமும் ஒரே மிதியில் பூட்டினால் நல்லது. பிரேக்கை எடுக்கக் கால்விரலால் மேலே நெம்ப வேண்டிய மாடல், செருப்புப் போட்டு நடக்கும் நமக்கு நகத்தைப் பதம் பார்க்கும். அழுத்திப் போட்டு, அழுத்தியே எடுக்கும் வகையைக் கேளுங்கள்.

கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். குழந்தையைத் தூக்கிய அடுத்த நொடி வண்டி பின்னால் மல்லாந்துவிடும், சில வண்டிகள் குழந்தை இருக்கும்போதே. சுமையைக் கீழ்க்கூடையில், அதில் எழுதியிருக்கும் எடை வரம்புக்குள் வையுங்கள்.

பெல்ட் ஐந்து முனை உள்ளதாக இருக்க வேண்டும்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. நடுப்பட்டை இல்லாவிட்டால் குழந்தை வழுக்கிக் கீழே இறங்கி, கழுத்து பட்டையில் மாட்டும். முன்னால் இருக்கும் கம்பி பிடித்துக்கொள்ளத்தான், அது பாதுகாப்பு ஆகாது.

மடித்து விரிப்பதை நீங்களே ஐந்தாறு முறை செய்யுங்கள். முதல் பூட்டு தவறினாலும் வண்டி மடங்காதபடி இரண்டாவது பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். 2009-இல் மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, கீல்களுக்கு மூடி கொடுத்தது. விரிக்கும்போது கீலில் விரல் வைத்த குழந்தைகளுக்கு நுனி துண்டானதே காரணம். எந்த வண்டியானாலும், விரித்துப் பூட்டி முடியும் வரை குழந்தை எட்டத்தில் இருக்கட்டும்.

வெயிலுக்கு மேற்கூரை குழந்தையின் இடுப்பு வரை நீள வேண்டும், பின்புறம் திறக்கும் வலை ஜன்னல் வேண்டும். நிழலுக்கென்று துண்டையோ புடவையையோ போட்டு மூடாதீர்கள். காற்று அடைபட்டு உள்ளே சூடு ஏறும், குழந்தையின் முகமும் தெரியாது.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. மடிப்புப் பூட்டு, பிரேக், பெல்ட் பட்டையின் நூல், பின்சக்கர அச்சின் ஆட்டம் ஆகிய நான்கையும் பாருங்கள். கடற்கரை ஊரில் ஓடிய வண்டி என்றால் ரிவெட்டைச் சுற்றித் துரு இருக்கும். பக்கிள் இறுகியிருந்தால் பெரும்பாலும் பிஸ்கட் தூளும் காய்ந்த பாலும்தான் காரணம். வெந்நீரில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகும். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி இன்னும் இறுகும். முன்சக்கரம் சுழலாவிட்டால் கழற்றி, அச்சில் சுற்றிய தலைமுடியையும் நூலையும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். மழையில் நனைந்த துணியைக் கழற்றிக் காயவைத்த பிறகே மடித்து வையுங்கள், இல்லையென்றால் இரண்டு நாளில் பூஞ்சை வாடை வரும்.