எண்டோடாக்சினை உடைக்கும் நொதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நஞ்சை உடைக்கும் நொதியோடு வேலை செய்ய ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கள் காலத்துத் தவறுகளையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். லேபிள் ஒட்டாதது, பிப்பெட் முனை மாற்றாதது எல்லாம் ஊரறிந்தவை, விட்டுவிடுகிறேன்.

கிருமி செத்தால் நஞ்சும் போச்சு என்று நினைப்பது

ஈ.கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் எல்.பி.எஸ் (லிப்போபாலிசாக்கரைடு) தான் எண்டோடாக்சின். கிருமி செத்தாலும் அது அப்படியே கிடக்கும். அதன் நச்சுப் பகுதியான லிப்பிட் ஏ-யில் ஆறு கொழுப்பு அமிலச் சங்கிலிகள் உண்டு. நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் ஆகிய நோய் எதிர்ப்புச் செல்களில் உள்ள ஏ.ஓ.ஏ.ஹெச் நொதி அவற்றில் இரண்டை வெட்டிவிடும். மிச்சமுள்ள நான்கு சங்கிலிகளால் எல்.பி.எஸ்ஸை உணரும் டி.எல்.ஆர்4 ஏற்பியைச் சரியாகத் தூண்ட முடியாது. நொதி இப்படிச் சங்கிலிகளை வெட்டி நஞ்சைக் குறைப்பதை மன்ஃபோர்டும் ஹாலும் 1986இல் காட்டினார்கள்.

ஆட்டோகிளேவை நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு மாணவர் எல்.பி.எஸ்ஸை நொதியோடு வைத்து, பஃபர் கரைசலில் நீர்க்க வைத்து, மோனோசைட் என்ற வெள்ளணுக்களில் ஊற்றினார். செல்கள் சுரக்கும் அழற்சிப் புரதமான டி.என்.எஃப் குறையவே இல்லை. நொதி கெட்டுவிட்டது என்று புதிதாக வரவழைத்தார், விலை கொஞ்சநஞ்சமல்ல. அப்போதும் அதே கதை. பஃபரை மட்டும் செல்களில் ஊற்றிப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை. பார்த்தபோது அதுவே டி.என்.எஃப்பைக் கிளப்பியது! நொதி தன் வேலையைச் செய்துதான் இருந்தது. நீர்க்க வைக்கப் பயன்படுத்திய பஃபரில் வெட்டுப்படாத எல்.பி.எஸ் இருந்தது.

"பாட்டிலை ஆட்டோகிளேவ் செய்தேனே, சார்" என்றார். 121 டிகிரி நீராவி கிருமியைக் கொல்லும், எல்.பி.எஸ்ஸை அழிக்காது. கண்ணாடிப் பாத்திரத்தை உலர் அடுப்பில் 250 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். தண்ணீர், சீரம் இரண்டையும் எண்டோடாக்சின் அளவு பார்த்து வாங்குங்கள். சீரத்தை 56 டிகிரியில் சூடாக்குவது அதிலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்களை முடக்குவதற்காக. அதனால் எண்டோடாக்சின் போகாது. மோனோசைட்டுகளை உசுப்ப மில்லிலிட்டருக்குச் சில நூறு பிகோகிராமே போதும், கண்ணுக்கா தெரியப்போகிறது?

ஈ.கோலையில் தயாரித்த புரதம் என்றால் இன்னும் கவனம். கொதிக்க வைத்த பிறகும் அது செல்களைத் தூண்டினால், புரதத்தைவிட எல்.பி.எஸ்ஸைச் சந்தேகியுங்கள்.

உடனே முடிவு எதிர்பார்ப்பது

இந்த நொதிக்கு அமிலச் சூழல் வேண்டும், மணிக்கணக்கில் நேரமும் வேண்டும்.

எலியும் மனிதனும் ஒன்று

இல்லை. நான்கு சங்கிலி கொண்ட லிப்பிட் நான்கு-ஏ மனித ஏற்பியைத் தடுக்கும், எலியின் ஏற்பியைத் தூண்டும்.

நொதி இல்லாவிட்டால் அழற்சி மட்டும்தான் கூடும்

ஏ.ஓ.ஏ.ஹெச் இல்லாத எலிகளில் எல்.பி.எஸ்ஸைச் சந்தித்த மேக்ரோஃபேஜ்கள் வாரக்கணக்கில் தூண்டினாலும் சரியாகப் பதில் தராமல் மரத்துப்போய்க் கிடக்கும். அதையும் அளந்து பாருங்கள்.