போர்பன் உருண்டை: அவசரக்காரர்கள் செய்யும் தவறுகள்

போர்பன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நடுவில் கிரீம் வைத்து மேலே சர்க்கரை தூவிய பிஸ்கட்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1910-இல் லண்டனில் அறிமுகமான அந்தப் பிஸ்கட்டில் மது ஒரு சொட்டும் கிடையாது. பெயர் மட்டும் பிரெஞ்சு அரச வம்சத்தினுடையது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து போர்பன் உருண்டை வேறு வகை. வெண்ணெயும் சர்க்கரையும் போர்பன் விஸ்கியும் பிசைந்த பூரணத்தைச் சாக்லேட்டில் முக்கி, தலையில் வால்நட்டைப் போன்ற பீக்கன் பருப்பு ஒன்றை ஒட்டிவைப்பார்கள். வீட்டில் செய்யும்போது பூரணம் அடுப்பைப் பார்ப்பதே இல்லை. ஆகவே “சமைத்தால் மது ஆவியாகிவிடும்” என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஓர் உருண்டையில் இரண்டு மில்லிக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்றாலும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மதுவைத் தொடாதவர்களுக்கும் அது இருப்பது இருப்பதுதான். தட்டை நீட்டும்போதே சொல்லிவிடுங்கள்.

இது பல நூற்றாண்டுப் பழமையான பலகாரம் என்று நினைப்பதும் தவறு. கென்டக்கியின் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில் ரூத் ஹேன்லி, ரெபெக்கா கூச் என்ற இரண்டு ஆசிரியைகள் 1919-இல் மிட்டாய்த் தொழிலில் இறங்கினார்கள். மதுவிலக்கால் மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் மதுக்கூடத்தைத்தான் அவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1936-இல் அந்த நகரம் தன் 150-ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது, உலகத்தில் சிறந்த இரண்டு ருசிகள் ஒரு வாய் போர்பனும் ரூத்தின் மிட்டாயும்தான் என்று விருந்தினர் ஒருவர் சொன்னாராம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ரூத் சுமார் இரண்டு ஆண்டுகள் முட்டிமோதிப் பதத்தைக் கண்டுபிடித்தார். அவர் கடையின் செய்முறை இன்றும் ரகசியம். வீடுகளில் நடப்பது அதன் எளிய வடிவம்தான். கடை உருண்டையை அப்படியே எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

வீட்டுக் கணக்கு சுலபமானது. 450 கிராம் ஐசிங் சர்க்கரை, 115 கிராம் வெண்ணெய், ஒரு கப் பொடித்த பீக்கன், ஐந்து மேசைக்கரண்டி போர்பன். இதில் சறுக்குகிறவர்கள் பெரும்பாலும் பருப்பில்தான் சறுக்குகிறார்கள். போர்பனைச் சர்க்கரையில் நேராக ஊற்றினால் பூரணம் நெகிழ்ந்துபோகும், வாசமும் ஒட்டாமல் நிற்கும். பருப்பை ஒரு மூடியிட்ட பாட்டிலில் போட்டு, போர்பனை அதன்மேல் ஊற்றி, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் திறந்தால் பருப்பு அத்தனையையும் குடித்துவிட்டு ஊறுகாய் மாங்காய்போல் பளபளவென்று கிடக்கும். அப்போதுதான் அது தயார். சர்க்கரையை மிக்சியில் அரைத்துக்கொள்ளலாம் என்ற சிக்கனமும் வேண்டாம். எவ்வளவு அரைத்தாலும் பல்லில் நறநறக்கும்.

எந்த போர்பன்? விலை உயர்ந்த பாட்டிலை உடைப்பது வீண். இவ்வளவு சர்க்கரைக்கு நடுவே பீப்பாயின் நுட்பங்களெல்லாம் காணாமல் போய்விடும். நடுத்தர விலையில், 50 சதவீத ஆல்கஹால் உள்ளதாகப் பாருங்கள். குறைந்த ஈரத்தில் கூடுதல் மணம் கிடைக்கும். ஸ்காட்ச் ஊற்றினால் பலவற்றில் புகைவாசம் தூக்கலாக நிற்கும். போர்பனுக்குச் சட்டப்படி குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் வேண்டும், உள்ளே கரியாகும்படி சுட்ட புது ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். அந்த வெனிலா, கருகிய சர்க்கரை வாசம்தான் சாக்லேட்டோடு கைகோக்கிறது. (கென்டக்கியில் வடித்தால்தான் போர்பன் என்பதும் தப்பு. அமெரிக்காவில் எங்கே வடித்தாலும் போர்பன்தான். இதை அந்த ஊர்க்காரர்களிடம் சத்தமாகச் சொல்லாதீர்கள்.)

அடுத்தது என் சொந்தத் தவறு. பூரணத்தில் போர்பன் இருந்தால் சாக்லேட்டிலும் இருக்கட்டுமே என்று, முதல்முறை செய்தபோது உருகிய சாக்லேட்டில் இரண்டு கரண்டி ஊற்றினேன். கண்ணெதிரே அது மினுமினுப்பை இழந்து, கரண்டியைச் சுற்றித் திரண்டு, ஈரமண் கட்டிபோல ஆகிவிட்டது. உருகிய சாக்லேட்டில் இருப்பது கொழுப்பும், அதில் மிதக்கும் சர்க்கரை, கோகோ துகள்களும். கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கும்போது மூடியிலிருந்து சொட்டும் ஆவிநீருக்கும் இந்தச் சக்தி உண்டு. திரண்டதைப் பாலில் கரைத்துக் குடித்தேன். உருண்டைக்கு ஆகவில்லை.

பளபளப்பு வேண்டுமானால் வெப்பமானி வேண்டும். கறுப்புச் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரிவரை உருக்கி, 28 அளவுக்கு ஆறவிட்டு, மறுபடி 31, 32-க்குக் கொண்டுவந்து முக்க வேண்டும். இந்தப் பதம் தவறினால் இரண்டு நாளில் மேலே சாம்பல் பூத்துவிடும். பழைய குடும்பக் குறிப்புகள் இந்தத் தொல்லைக்குக் குறுக்குவழியாக மெழுகைச் சேர்க்கச் சொல்கின்றன. உணவுக்கான மெழுகுதான், பளபளக்கவும் செய்யும். ஆனால் வாயில் கரையாத ஒன்றைச் சாக்லேட்டில் கலப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்னொன்று: பூரண உருண்டைகளைக் குளிரவைக்கலாம், உறைய வைக்கக்கூடாது. உறைந்தது பிறகு விரியும்போது சாக்லேட் ஓடு வெடித்து, பிசுபிசுவென்று உள்ளே இருப்பது கசியும்.

வனிலா பிஸ்கட் தூளும் கோகோவும் பிசைந்து, சர்க்கரைப் பொடியில் புரட்டிய இன்னொரு உருண்டையும் இதே பெயரில் உலவுகிறது. ரம் உருண்டையின் தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். எது அசல் என்ற பஞ்சாயத்தில் விருந்தாளி தலையிடாமல் இருப்பது நல்லது. அவரவருக்கு அவரவர் பாட்டியின் கைப்பக்குவம்தான் அசல்.

கிறிஸ்துமஸுக்கும், மே மாத முதல் சனிக்கிழமை லூயிவில்லில் நடக்கும் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்துக்கும் இந்த உருண்டைகள் டப்பா டப்பாவாகக் கைமாறும். அன்று காலையில் செய்து அன்றே கொடுப்பதுதான் கடைசித் தவறு. செய்த அன்று பச்சை மதுவின் காரம் மூக்கில் ஏறும். இறுக்கமான டப்பாவில், ஈரம் படாமல், மூன்று நான்கு நாள் இருந்த பிறகுதான் அது அடங்கி வெண்ணெயோடு சேரும். டப்பாவை வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தால் அந்த நாலாவது நாளுக்கு ஆறேழுதான் மிஞ்சும். என் டப்பா இப்போது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது.