பாம்பு கடித்த காலை இறுக்கிக் கட்டாதீர்கள்

காலபோக அறுவடை நேரம் வரம்பில் ஒருவருக்குப் பாம்பு கடித்தால் பக்கத்தில் நிற்பவர் முதலில் தேடுவது கயிறு. கிடைக்காவிட்டால் சாரத்தைக் கிழிப்பார். "இறுக்கிக் கட்டடா, விசம் ஏறப்போகுது!" வன்னியில் இந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. நல்ல மனதோடுதான் கட்டுகிறார்கள், ஆனால் கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

கட்டு எதைக் கெடுக்கிறது என்று பாருங்கள். தசைக்கு ஒட்சிசன் போவது மயிர்க்குழாய்கள் என்ற மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் வழியாக. ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அகலம்கூட அவற்றுக்கு இராது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியங்கள் நெளிந்து, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும்.

அரைகுறை இறுக்கமாகக் கட்டுவதுதான் நான் அதிகம் காண்கிற பிழை. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம் மெல்லிய சுவர் உடையது, உடனே நசுங்கிவிடும். இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் நாடி அப்படியில்லை, அது இரத்தத்தைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். கழிவு மடையை அடைத்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் விட்ட மாதிரி, மயிர்க்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் தசைக்குள் கசிந்து கால் வீங்கும். வீங்க வீங்கக் கட்டும் தானாகவே இறுகும். கடித்தது கண்ணாடி விரியன் என்றால் அதன் விஷம் ஏற்கெனவே மயிர்க்குழாய்களின் சுவரை அரிக்கிறது. கட்டு அந்த விஷத்தை ஒரே இடத்தில் தேக்கி வைக்கிறது.

இன்னும் இறுக்கினால் நாடியும் அடைபடும். ஓரிரு நிமிடம் என்றால் உடம்பு தாங்கும். இரத்தம் வராத இடத்தில் கழிவுகள் சேர, சிறு நாடிகள் விரிந்து காத்திருக்கும். விட்டதும் தோல் சிவந்து சூடாகும். அது நல்ல அறிகுறி. நேரம் நீண்டால் கதை வேறு. சத்திரசிகிச்சைக் கூடத்தில், அளந்த அழுத்தத்தில் கட்டும்போதுகூட இரண்டு மணிநேரத்தைத் தாண்டத் தயங்குவார்கள். அதற்குமேல் மயிர்க்குழாய்ச் சுவர்கள் வீங்கி, வெண்குழியங்கள் ஒட்டிக்கொண்டு, கட்டை அவிழ்த்தாலும் சில இடங்களுக்கு இரத்தம் திரும்பாது. ஆறு மணிநேரம் போனால் காலே போகலாம்.

"அப்ப இடைக்கிடை தளர்த்தி விடலாம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். ஒவ்வொரு முறை தளர்த்தும்போதும் தேங்கிய விஷமும் தசைக் கழிவும் சேர்ந்து உடம்புக்குள் பாயும். யாரோ கட்டிவிட்டார்கள் என்றால் வழியில் அவிழ்க்க வேண்டாம். அவிழ்த்ததும் மூச்சுத் தடைப்படலாம், இரத்த அழுத்தம் விழலாம். ஆஸ்பத்திரியில் மருந்தும் ஆட்களும் தயாராக இருக்கும்போது அவிழ்க்கட்டும்.

யுத்த காலத்தில் கட்டுப் போட்டு உயிர் தப்பியவர்கள் இங்கே பலர். அதனால்தான் கட்டின்மேல் இவ்வளவு நம்பிக்கையோ தெரியாது. கை கால் சிதைந்து இரத்தம் பீறிட்டால் அது சரிதான், இறுக்கிக் கட்டி நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். பாம்புக்கடியில் உயிரை எடுப்பது காயத்திலிருந்து ஓடுகிற இரத்தம் அல்ல.

கடிவாயைக் கீறவும் கூடாது. விரியன் விஷத்தால் இரத்தம் உறையாமல் போனால் கீறிய இடம் நிற்காமல் ஒழுகும்.

கடிபட்டவரைப் படுக்க வைத்து, காலை ஒரு தடியோடு சேர்த்து அசையாமல் தளர்வாகக் கட்டி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். நடக்க விடாதீர்கள், தசை அசைந்தால் விஷம் விரைவாகப் பரவும். மோதிரம், கொலுசு, கணுக்காலில் கட்டிய கறுப்புநூல் எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். நூலை வெட்டச் சில வீடுகளில் தயங்குவார்கள். வீங்கிய காலில் அந்த நூலும் ஒரு கட்டுத்தான்.