உப்புக் காற்றில் நிற்கும் காருக்கு ஒரு காலை நேரப் பராமரிப்பு: புதியவர்களுக்கான செய்முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கார் ஓடிக் கெடுவதைக் காட்டிலும் நின்று கெடுவதே அதிகம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் இரவு முழுவதும் வெளியில் நின்ற வண்டியின் பானட்டைக் காலையில் விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும்; கடற்காற்று கொண்டுவந்து படியவிட்ட உப்பு அது. குலசேகரம், திருவட்டார், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து நிழலில் நிற்கும் வண்டிக்கு உப்பின் தொல்லை குறைவு என்றாலும், இலையும் ஈரமும் அதை விடுவதில்லை. இடவப்பாதி என்று நாம் சொல்லும் தென்மேற்குப் பருவமழையையும், ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையையும் ஒருசேர வாங்கிக்கொள்ளும் வண்டிகள் நம்முடையவை. ஆகவே இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று கையேட்டில் போட்டிருக்கும் கணக்கை மட்டும் நம்பியிருப்பது இங்கே போதாது என்பது என் முடிவு.

இப்போதைய கார்களில் கணினி இருக்கிறது, நாம் கை வைத்தால் கெட்டுவிடும் என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. அதில் பாதி நியாயமானது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துக்கொண்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டு மணி நேரம் செலவிட்டு, பெரும்பாலான தொல்லைகளை முளையிலேயே பார்த்துவிடலாம்.

தொடக்கூடாதவை

ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறையிட்ட கேபிள்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும்; அவற்றின் அருகே ஸ்பேனரைக் கொண்டு செல்லவே வேண்டாம். ஸ்டீயரிங்கின் கீழும் இருக்கைகளுக்கு அடியிலும் காணப்படும் மஞ்சள் நிற இணைப்பிகள் ஏர்பேக்குக்கு உரியவை. ஏசி வாயுக் குழாய், எரிபொருள் குழாய் ஆகியவற்றையும் கழற்றக்கூடாது. மின்சாரக் கைப்பிரேக் உள்ள வண்டியில் பின்சக்கர பிரேக் பேடை மாற்றுவதற்கு முன் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருப்பதால், அந்த வேலையையும் மெக்கானிக்கிடமே விடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியுடன் தரும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடலை நுழைக்கக்கூடாது. இந்தச் செய்முறையில் எந்தப் படிக்கும் வண்டியைத் தூக்க வேண்டிய தேவை இல்லை.

வேண்டிய பொருள்கள்

10 எண் ஸ்பேனர், டயர் காற்று அளக்கும் கேஜ், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, சமையல் சோடா, வாசலின், இரண்டு பழைய துணிகள். வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றும் இருந்தால் நல்லது. இவற்றுடன், டாஷ்போர்டுப் பெட்டியில் பிரிக்கப்படாமல் கிடக்கும் கையேட்டையும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல கையேடுகளில் தூசி, உப்பு, குறுந்தூர ஓட்டம் போன்ற கடினமான சூழலுக்கென்று தனி அட்டவணை இருக்கும். நாம் பின்பற்ற வேண்டியது அதைத்தான்.

படி 1: டயர்

வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிப்பது தவறு. அதே பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த தேதி: 2322 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை நோக்கி மழையில் செல்பவர்கள் அதுவரை காத்திருக்காமல் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. ஆழம் குறைந்த டயரால் தேங்கிய நீரை வெளியே தள்ள முடியாது. ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள். தேவைப்படும் அன்றுதான் அதில் காற்றில்லாதது நமக்குத் தெரியவரும்.

படி 2: திரவங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையில் ஆயில் இருந்தால் போதும். ஆயில் மாற்றும் வேலையைப் புதியவர்கள் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன்; அடியில் நுழைய வேண்டும், போல்ட் இழை கெடலாம், கழித்த ஆயிலை எங்கே கொடுப்பது என்ற சிக்கலும் இருக்கிறது.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தொட்டியை வெளியிலிருந்து பார்த்தாலே அளவு தெரியும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். அளவு குறைந்திருந்தால் கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றுங்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்று என்று கருதிவிடக்கூடாது. போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள உப்புகள் ரேடியேட்டருக்குள் படிந்துவிடும்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் அதற்கென வகுத்த வரம்பு 155 டிகிரிதான். கோதையாறு மலைப்பாதையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது திரவம் கொதித்துக் குமிழி உண்டானால், மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. நம் ஊர் ஈரப்பதத்தை எண்ணி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை மெக்கானிக்கிடம் மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது தொட்டியில் அளவைப் பார்ப்பது மட்டுமே. மூடியைத் திறந்து வைக்காதீர்கள். பிரேக் திரவம் பெயின்டில் பட்டால் பெயின்டையே உரித்துவிடும்.

படி 3: இரண்டு ஃபில்டர்கள்

வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே சாய்ந்துவிடும். பின்னால் தெரியும் நீள் மூடியைத் திறந்தால் ஃபில்டர் உருவிக்கொண்டு வரும். புதியதை மாட்டும்போது அதிலுள்ள அம்புக்குறி பழையதில் எந்தத் திசையைக் காட்டியதோ அதே திசையைக் காட்ட வேண்டும். ஏசியில் ஈரத்துணி வாடை அடிப்பதாகச் சொல்லி ஏசியையே பழிப்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

எஞ்சின் காற்று ஃபில்டர் கறுப்புப் பெட்டிக்குள், கிளிப்புகளாலோ திருகுகளாலோ மூடப்பட்டிருக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று தூசியையும் அள்ளி வருவதால், அவ்வழியே நாள்தோறும் செல்பவர்களின் ஃபில்டர் விரைவில் கறுக்கும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக்கூடாது. பெட்டியை ஒட்டிய குழாயில் காற்றின் அளவை உணரும் மெல்லிய சென்சார் இருக்கும். அதைத் தொடவோ துடைக்கவோ வேண்டாம். மூடும்போது ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சுற்றிலும் அமர்ந்திருக்கிறதா, குழாயைக் கழற்றியிருந்தால் அது முழுவதும் ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இதில் கவனம் தவறினால் என்ன நேரும் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

படி 4: பேட்டரி

நம் மாவட்டத்து வண்டிக்கு இதுவே முதன்மையான படி. எங்கள் வீடு கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் ஸ்டார்ட் செய்தபோது கார் கிளம்பாமல் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிட, ஒரு பணிமனையில் ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்றார்கள். கையில் மல்டிமீட்டர் இருந்ததால், ஒப்புக்கொள்வதற்கு முன் அளந்து பார்த்தேன். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தது. ஆனால் ஸ்டார்ட் செய்யும் நொடியில் நெகட்டிவ் முனைக்கும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கும் இடையில் மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இடையில் இருந்தது வெள்ளைப் பூச்சு. சோடாவும் பிரஷும் அதைச் சரிசெய்தன. அந்த ஸ்டார்ட்டர் இன்றும் ஓடுகிறது.

முதலில் அளவுகள். இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாதாரண ஈய பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டும். புதிய வண்டிகளில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கணினி கட்டுப்படுத்துவதால் சில நேரம் இதைவிடக் குறைவாகத் தெரியலாம். ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி அளந்தபின் முடிவுக்கு வாருங்கள். பிறகு மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் ஈய முனையிலும், மற்றொன்றை அதன் மேலுள்ள கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைச் சுத்தம் செய்ய வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை இது. எஞ்சினை அணைத்து, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் காத்திருங்கள். வண்டிக்குள் இருக்கும் கணினிகள் உறங்குவதற்கு அந்த நேரம் வேண்டும். முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்ற வேண்டும். பாசிட்டிவ்வை முதலில் கழற்றப்போய், ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுவிட்டால், முழு மின்னோட்டமும் ஸ்பேனர் வழியே பாய்ந்து தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் கிளாம்பில் சிறிய பிளாஸ்டிக் பெட்டி ஒட்டியிருந்தால் அது பேட்டரி சென்சார். அதை நெம்பக்கூடாது, அதன்மேல் நீரும் ஊற்றக்கூடாது. இளஞ்சூடான ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, பிரஷில் தொட்டு முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் தேயுங்கள். நுரைத்தால் அமிலப் படிவு கரைகிறது என்று பொருள். பேட்டரியின் காற்றுத் துளைகளுக்குள் கரைசல் போகாமல் பார்த்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இறுக்கிய பிறகு வாசலினை மேலே பூசுங்கள். இடையில் பூசிவிட்டு இறுக்குவது பலரும் செய்யும் பிழை.

இதன்பின் கடிகாரம் தவறிப்போயிருக்கும். கண்ணாடி ஒரே தொடுதலில் ஏறாமல் இருக்கலாம். பல வண்டிகளில் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, பொத்தானைச் சில நொடிகள் மேல்நோக்கிப் பிடித்திருந்தால் அது சரியாகிவிடும். சிக்னலில் எஞ்சின் தானே அணைந்து தானே கிளம்பும் வகை வண்டியாக இருந்தால், பேட்டரி மாற்றும் காலத்தில் அதே வகையையே கேட்டு வாங்குங்கள். சாதாரண பேட்டரி அந்த உழைப்பைத் தாங்காது.

படி 5: கணினியிடம் கேட்பது

ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில், 16 முனைகள் கொண்ட ஓபிடி இணைப்பு இருக்கும். ப்ளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, இக்னிஷனைப் போட்டு, கைபேசிச் செயலியில் பார்த்தால் பிழைக்குறியீடுகள் தெரியும். தெரிந்ததும் அழித்துவிடாமல் முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக்கு அது தேவைப்படும்.

குறியீடு நோயின் பெயரைச் சொல்வதில்லை, அறிகுறியை மட்டும் சொல்கிறது. பி 0171 என்றால் எரிபொருளைவிடக் காற்று மிகுதி என்று பொருள். மூன்றாம் படியில் குழாயைச் சரியாக ஏற்றாமல் விட்டிருந்தால் சென்சாருக்குத் தெரியாமல் காற்று உள்ளே நுழைந்து இந்தக் குறியீடு வரலாம். பி 0420 வந்த உடனே, புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொன்னால், ஆக்சிஜன் சென்சாரையும் புகைக்குழாய்க் கசிவையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் வீடுவரை மெதுவாக ஓட்டிவரலாம்; அது மின்னி மின்னி எரிந்தால் எரியாத எரிபொருள் கன்வெர்ட்டருக்குள் போய் அதை உருக்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் எஞ்சினை அந்த நொடியே அணைக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே விட்டால் பேட்டரியைக் குடிக்கும்.

படி 6: நீர் போகும் வழிகள்

முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர்கள் அமர்ந்திருக்கும் பள்ளத்தில் விழும் மழைநீர் இரு ஓரங்களிலும் உள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும். ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் தை மாதத்தையொட்டி இந்தத் துளைகள் அடைபடுகின்றன. அடைந்த துளை அடுத்த மழையில் நீரைக் கால்மிதிக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே ஒயர் இணைப்புகள் இருப்பதால், தொடர்பே இல்லாத விளக்குகள் எல்லாம் டாஷ்போர்டில் எரியத் தொடங்கும். இலைகளைக் கையால் அள்ளி, ஒரு குவளை நீரை ஊற்றி, அது சக்கரத்துக்குப் பின்னால் தரையில் விழுகிறதா என்று பாருங்கள். கதவுகளின் கீழ் விளிம்பில் உள்ள சிறு துளைகளையும் மெல்லிய ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். பானட்டுக்குள் எலிப் புழுக்கையோ கடித்த ஒயரோ தென்பட்டால் ஸ்டார்ட் செய்யாமல் அதை முதலில் கவனியுங்கள்.

கடைசியாக, குழாய்த் தண்ணீரை வேகமாக விட்டு நான்கு சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் வண்டியின் அடிப்பகுதியையும் வெளியில் நின்றபடியே கழுவுங்கள். கழுவிய பின் வண்டியை அப்படியே நிறுத்திவிடாமல் தெருவில் ஒரு சுற்று ஓட்டி, நான்கைந்து முறை பிரேக் பிடித்து, டிஸ்க்கில் இருக்கும் ஈரத்தை உலர்த்திவிட்டுக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.