டைம்ஷிப்டை நம்பிக் கோப்புகளை இழக்காதீர்கள்: லினக்ஸ் மிண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் பழுதுபார்க்கும் மேசைக்குப் பழைய மடிக்கணினிகள் வரிசையாக வருகின்றன. புதிது வாங்க வசதியில்லாத வீடுகள். கணினியோ இன்னும் நன்றாக ஓடுகிறது. அதனால் சனிக்கிழமை சாயங்காலங்களில் கோயில் மண்டபத்தில் நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்து, லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றக் கற்றுக்கொடுக்கிறேன்.

போன மாதம் ஒரு தம்பி, பக்கத்துத் தாமானில் ஒரு பாட்டியின் கணினியை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தான். "அண்ணே, டைம்ஷிப்ட் போட்டுட்டேன். இனி எது போனாலும் பாட்டிக்குக் கவலையில்ல" என்றான்.

டைம்ஷிப்ட் என்பது மிண்டோடு வரும், கணினியின் நிலையை நகலெடுத்து வைக்கும் கருவி. கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். 2018-ல் இதே வார்த்தையை நான் ஒரு பெரியவரிடம் சொன்னேன்.

ஏற்றும் முன் கோப்புகளை நகலெடுக்க வேண்டும், கடவுச்சொல்லை எழுதி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை சூடுபட்டால் அவை தாமாகவே மனதில் நிற்கும். கீழே உள்ளவை வேறு வகை. மிண்ட் எப்படி வளர்ந்தது, எந்தப் பகுதி எதற்காகச் சேர்ந்தது என்று தெரியாததால் வருபவை.

மிண்டுக்குத் தாய்வீடு எது என்று பார்க்காதது

கிளெமென்ட் லெஃபெவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் 2006 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் பதிப்பு 'ஏடா'. அது குபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 'பார்பரா', குபுண்டுவின் தாயான உபுண்டுவுக்கு மாறியது. அந்தக் காலத்தில் உபுண்டுவை ஏற்றியதும் ஒரு எம்பி3 பாட்டுக் கேட்க வேண்டுமென்றால்கூட அதற்கான நிரல்களைத் தனியே தேடி ஏற்ற வேண்டும். மிண்ட் தன் ஆரம்ப வருடங்களிலேயே அவற்றைச் சேர்த்துக் கொடுத்தது. மக்கள் அதை விரும்பியதற்கு முதல் காரணம் அதுதான்.

2011-ல் பெரிய குழப்பம் வந்தது. உபுண்டுவும் மிண்டும் பயன்படுத்திய க்னோம் என்ற திரை அமைப்பின் (டெஸ்க்டாப்) புதிய பதிப்பான க்னோம் 3, பழைய மெனுவையும் கீழ்ப்பட்டையையும் தூக்கிப் போட்டது. உபுண்டு, யூனிட்டி என்ற தன் சொந்த டெஸ்க்டாப்புக்குப் போனது. பழகிய திரையைக் காணோம் என்று பலர் தவித்தார்கள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர், க்னோம் 2-ஐ 'மாட்டே' என்ற பெயரில் தொடர்ந்து காப்பாற்ற ஆரம்பித்தார். மிண்ட் அதை அணைத்துக்கொண்டதோடு, க்னோம் ஷெல்லிலிருந்து கிளை பிரித்துச் 'சின்னமன்' என்ற சொந்த டெஸ்க்டாப்பையும் எழுதியது. 2012 மே மாதம் வந்த மிண்ட் 13 'மாயா' இரண்டோடும் வெளிவந்தது. கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு என்று பாட்டிமார் தடுமாறாமல் பிடித்துக்கொள்கிறார்களே, அந்த அமைப்பு அப்படிப் பிழைத்ததுதான்.

இதற்கிடையில் 2010-ல் இன்னொரு கிளையும் பிறந்தது. உபுண்டு என்றாவது இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற யோசனையில், உபுண்டுவுக்கே அடித்தளமான டெபியன் மேல் நேராகக் கட்டப்பட்ட எல்எம்டிஇ. பிள்ளைகள் தவறு செய்யும் இடம் இதுதான். திரை இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் உள்ளேயும் ஒன்றுதான் என்று நினைத்து, உபுண்டுவுக்கென்று தயாரான பிபிஏ (தனியார் வைக்கும் நிரல் களஞ்சியம்) தொகுப்புகளை எல்எம்டிஇ-யில் சேர்த்துவிடுகிறார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாத நூலகங்கள் மோதி, அடுத்த புதுப்பிப்பில் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். மிண்ட் 21-க்கு அடி உபுண்டு 22.04, மிண்ட் 22-க்கு 24.04. எல்எம்டிஇ 6-க்கு டெபியன் 12. எல்எம்டிஇ 7-க்கு டெபியன் 13. யாரோ எழுதி வைத்த கட்டளையை ஒட்டும் முன், 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'பேஸ்' என்ற வரியைப் படியுங்கள்.

ஸ்னாப் தடுப்புக் கோப்பை அழிப்பது

உபுண்டு 20.04-ல் குரோமியம் உலாவியை ஏற்றினால், உபுண்டுவின் தனி நிரல்-தொகுப்பு முறையான ஸ்னாப்பும் கேட்காமலே உள்ளே வந்தது. அதனால்தான் 2020-ல் மிண்ட் 20 அதைத் தடுத்தது. குரோமியத்தை இப்போது மிண்டே தயாரித்துத் தருகிறது. அந்தத் தடுப்புக் கோப்பை அழிக்காதீர்கள்.

டைம்ஷிப்டைக் கோப்புக் காப்பு என்று நினைப்பது

நான் 2018-ல் வாக்குக் கொடுத்த பெரியவர் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்). பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டபோது லயத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். எந்த லயத்தில் எத்தனையாவது வீடு, முன்னோர் சேலம் ஜில்லாவா வட ஆற்காடா, பிள்ளைகள் இப்போது ஈப்போவிலா கிள்ளானிலா சிங்கப்பூரிலா. பாதி அவருடைய பழைய 555 குறிப்புப் புத்தகங்களில் இருந்தது. மீதியைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு நேராகக் கணினியில் தட்டினார். வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. மிண்ட் 19 'டாரா' அந்த ஜூனில்தான் வந்திருந்தது. ஏற்றிக் கொடுத்து, டைம்ஷிப்டைத் தினசரி ஓடும்படி வைத்து, "ஐயா, இனி எதுவும் போகாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறு வருடம் ஒரு நாள் சாயங்காலம் ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. காலையில் கணினி அதை அடையாளமே காணவில்லை. ஈப்போவில் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தும் எதையும் எடுக்க முடியவில்லை. டைம்ஷிப்ட் எடுத்த நகல்கள் எங்கே என்று கேட்டால், அதே டிஸ்கில். அந்த டிஸ்க் பிழைத்திருந்தாலும் அவருடைய பட்டியல் அந்த நகல்களில் இருந்திருக்காது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

டைம்ஷிப்ட் எதற்காக வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு முன் மிண்ட், புதுப்பிப்புகளை 1 முதல் 5 வரை நிலை பிரித்து வைத்திருந்தது. கணினியைக் கவிழ்த்துவிடலாம் என்று அஞ்சியவற்றை 4, 5 என்று தள்ளி வைத்தது. அந்த அச்சத்தால் பலர் பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் தொடாமல் விட்டார்கள். டோனி ஜார்ஜ் எழுதிய டைம்ஷிப்டை 2017 நவம்பரில் மிண்ட் 18.3 சேர்த்துக்கொண்டது. மிண்ட் 19-ல் அதைப் புதுப்பிப்புகளின் காவலாகவே நிறுத்தி, "எல்லாவற்றையும் போடுங்கள், கெட்டால் பின்னால் போகலாம்" என்ற நிலைக்கு மாறியது. 2022-ல் அதைப் பராமரிக்கும் பொறுப்பையும் மிண்டே ஏற்றுக்கொண்டது. ஆக, அது காப்பது இயங்குதளத்தை. வீட்டுக்காரர் எழுதியது அதன் கணக்கில் இல்லை.

உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் 'ஹோம்' அடைவை அது வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. ஒரு புதுப்பிப்பு கெட்டுப்போய் நேற்றைய நிலைக்குத் திரும்பினால், நேற்றிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும் சேர்ந்து பின்னால் போய்விடக் கூடாது அல்லவா? இதைத் தெரியாமல் "ஹோமையும் சேர்த்துட்டா சரியாப் போச்சே" என்று சில பிள்ளைகள் அந்தக் குறியைப் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் மீட்டெடுக்கும்போது புதிதாக எழுதியதெல்லாம் அழிந்து பழையது வந்து உட்காரும். முதல் தவறைத் திருத்தப்போய் அதைவிட மோசமான தவறு.

நகல்கள் பல இருக்கின்றனவே என்றும் நம்பாதீர்கள். மாறாத கோப்பை அது மறுபடி நகலெடுப்பதில்லை. ஹார்ட் லிங்க் மூலம் பழைய நகலையே சுட்டுகிறது. அதனால்தான் ஐந்து நகல் எடுத்தும் இடம் ஐந்து மடங்கு போவதில்லை. ஆனால் பட்டியலில் ஐந்து தெரிந்தாலும் டிஸ்கில் அந்தக் கோப்பு ஒன்றுதான். அந்த இடம் கெட்டால் ஐந்திலும் கெட்டது. சாதாரண பெண்டிரைவைச் செருகினால் அதில் லினக்ஸ் கோப்பு முறைமை இல்லாததால் டைம்ஷிப்ட் ஏற்காது. உடனே பிள்ளைகள் கணினியின் டிஸ்கையே தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. டைம்ஷிப்ட் வந்த அதே 18.3-ல், மிண்டின் பேக்கப் கருவியும் கிட்டத்தட்ட முழுக்க மாற்றி எழுதப்பட்டு, ஹோம் அடைவுக்கென்றே வந்தது. இயங்குதளத்துக்கு ஒன்று, ஆட்களின் கோப்புகளுக்கு ஒன்று. மெனுவில் 'பேக்கப் டூல்' என்று அது பாட்டுக்கு இருந்தது. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கிராணி ஐயா என்னைத் திட்டவில்லை. "சரி தம்பி, புத்தகத்துல இருக்கறத மறுபடி அடிச்சிக்கலாம். போன்ல சொன்னவங்கள்ல ரெண்டு பேரு இப்ப இல்லையே" என்றார்.

அதனால் மண்டபத்தில் கணினியை ஒப்படைக்கும் முன் நான் மூன்றைக் கட்டாயம் கேட்கிறேன். வெளி டிஸ்க் ஒன்று இருக்கிறதா? பேக்கப் கருவியில் எடுத்த டார் கோப்பு (எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய நகல்) அதில் இருக்கிறதா? அதைத் திறந்து, உள்ளே ஒரு படத்தையாவது கண்ணால் பார்த்தாயா? மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எப்போது எடுப்பது என்று மறந்துபோகும் பெரியவர்களிடம், வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு டிஸ்கைச் செருகுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறோம். எடுத்து முடித்ததும் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். இங்கே மழைக்காலத்து இடி ஒன்று போதும், செருகிக் கிடப்பது எல்லாம் சேர்ந்து போக.

அந்தத் தம்பி மறுநாளே பாட்டி வீட்டுக்கு வெளி டிஸ்கோடு போனான். பேரன் கல்யாணப் படங்களும் தாத்தாவின் பழைய கடிதங்களை ஸ்கேன் செய்ததும் ஹோம் அடைவில் இருந்தன. டைம்ஷிப்டில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

மூன்று டெஸ்க்டாப்பையும் ஒன்றாக ஏற்றுவது

சின்னமன், மாட்டே, இன்னும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ மூன்றும் ஒரே கணினியில் வேண்டாம். ஒன்று போதும்.

பழைய கணினிக்குப் பழைய பதிப்பு

மிண்ட் 17-க்கு ஆதரவு 2019 ஏப்ரலிலும், 19-க்கு 2023 ஏப்ரலிலும் முடிந்துவிட்டது. வேகம் வேண்டுமென்றால் புதிய பதிப்பின் எக்ஸ்எஃப்சிஇ-யைப் போடுங்கள். 20-லிருந்து முதன்மைப் பதிப்புகள் 64-பிட் மட்டும்தான்.

ஐஎஸ்ஓ-வைச் சரிபார்க்காமல் ஏற்றுவது

2016 பிப்ரவரி 20-ஆம் தேதி மிண்டின் வலைத்தளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 சின்னமனின் பதிவிறக்க இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு அந்த இணைப்பில் எடுத்தவர்களுக்குக் கிடைத்தது, வெளியாள் ரகசியமாக நுழையப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓ (மிண்டை ஏற்றப் பயன்படும் கோப்பு). மிண்ட் விரைவிலேயே அறிவித்துத் தளத்தை நிறுத்தியது. இப்போது பதிவிறக்கப் பக்கத்திலேயே கோப்பு மாறாததைச் சரிபார்க்கும் ஷா256 எண்ணும், அந்த எண் மிண்டிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் கையொப்பக் கோப்பும் இருக்கின்றன. எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. தளமே அவர்கள் கையில் போனால் எண்ணையும் மாற்றிவிடலாம். கையொப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. நண்பனிடமிருந்து பெண்டிரைவில் வாங்கி வந்த ஐஎஸ்ஓ-வானாலும், மண்டபத்தில் இதைச் செய்து காட்டாமல் யாரையும் அடுத்த படிக்கு விடுவதில்லை.