உயர்வேக இணையம் பரவ மாநில அரசுகள் செய்ய வேண்டியவை: வரைபடம் முதல் பராமரிப்பு வரை

கூட்டாட்சி நாடுகளில் தொலைத்தொடர்பு பெரும்பாலும் மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வருகிறது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதை மத்தியப் பட்டியலின் 31ஆவது இனத்தில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஃபெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன் என்ற மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம்தான் முதன்மை ஒழுங்குமுறை அமைப்பு. ஆகவே உயர்வேக இணையம் விஷயத்தில் மாநில அரசு செய்வதற்கு அதிகம் இல்லை என்ற எண்ணம் அதிகாரிகளிடையே கூட உண்டு. ஆனால், உரிமமும் அலைக்கற்றை ஏலமும் மத்திய அரசிடம் இருந்தாலும், கேபிள் புதையும் சாலையோரம், அது தொங்கும் மின்கம்பம், பள்ளம் தோண்டத் தேவையான அனுமதி ஆகியவை பெரும்பாலும் மாநிலத்தின் கையிலோ அதன் உள்ளாட்சிகளின் கையிலோதான் இருக்கின்றன. கண்ணாடி இழைக் கேபிளின் விலையைவிட அதைப் புதைக்கும் வேலைக்கே அதிகச் செலவாகும் என்பதால், இந்த அதிகாரத்தை முறையாகப் பயன்படுத்தும் மாநிலம், மானியமாக ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். கீழே சொல்லப்படும் வரிசையும் அதனால்தான்: முதலில் தகவல், பிறகு அனுமதி, பிறகு கம்பமும் குழாயும், அதன் பிறகே பணம்.

எங்கே இணையம் இல்லை என்பதை முதலில் அறியுங்கள்

நிறுவனங்கள் தரும் சேவைப் பரப்பு விவரங்களை மட்டும் நம்பித் திட்டம் தீட்டக் கூடாது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த கணக்கெடுப்பு முறையில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரிக்கப்பட்ட ஒரு சிறு பகுதியில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க முடிந்தால்கூட அந்தப் பகுதி முழுவதும் இணைப்புப் பெற்றதாகவே கொள்ளப்பட்டது. கிராமப்புறங்களில் அத்தகைய பகுதிகள் மிகப் பரந்தவை என்பதால், ஒரு கோடியில் இருந்த வீட்டின் இணைப்பு, மறுகோடியில் இருந்தவர்களுடைய மானியத் தகுதியைப் பறித்தது. ஜார்ஜியா மாநிலம் 2020இல் ஒவ்வொரு முகவரியாகக் குறித்துத் தனக்கென ஒரு வரைபடம் வெளியிட்டபோதுதான், இணைப்புள்ளதாகக் கருதப்பட்ட பகுதிகளுக்குள் எத்தனை வீடுகள் விடுபட்டிருந்தன என்பது தெளிவாயிற்று.

மின்வாரியம் மாநிலத்தின் வசம் இருந்தால் இந்த வேலை மேலும் எளிது. மின் இணைப்புகளின் பட்டியல், மக்கள் எங்கெங்கே வசிக்கிறார்கள் என்பதற்கான மிக நம்பகமான பதிவுகளுள் ஒன்று. நுகர்வோரின் பெயரையும் பிற தனிப்பட்ட விவரங்களையும் நீக்கிவிட்டு, இருப்பிடத்தை மட்டும் எடுத்துப் பயன்படுத்தலாம். வரைபடத்தை வெளியிட்ட பின், குடிமக்களும் ஊராட்சிகளும் நிறுவனங்களும் தவறுகளைச் சுட்டிக்காட்டக் கால அவகாசம் கொடுத்து, ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் எழுத்துப்பூர்வமாகப் பதிலளிக்க வேண்டும்.

எந்த வேகத்தை உயர்வேகம் என்று கொள்வது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். இந்தியா 2023இல் அகலக்கற்றைக்கான (பிராட்பேண்ட்) குறைந்தபட்ச வேகத்தை வினாடிக்கு 2 மெகாபிட் ஆக உயர்த்தியது. அமெரிக்க ஆணையம் 2024இல் தரவிறக்கத்துக்கு 100 மெகாபிட், பதிவேற்றத்துக்கு 20 மெகாபிட் என நிர்ணயித்தது. ஒரு மாநிலம் தன் நிதியில் கட்டும் வலையமைப்பு பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியது என்பதால் இரண்டாவது அளவையாவது இலக்காகக் கொள்வதே சரி என்பது என் கருத்து. பதிவேற்ற வேகத்தைக் குறிப்பிடாத இலக்கு முழுமையற்றது. மருத்துவ ஆலோசனையும் வகுப்பும் காணொலி வழியாக நடக்கும்போது முதலில் தடுமாறுவது அதுவே.

அனுமதியைக் காலவரம்புக்குள் கொண்டுவாருங்கள்

ஒரு கேபிள் 20 கிலோமீட்டர் போவதற்குள் நெடுஞ்சாலைத் துறை, ஊராட்சி, நகராட்சி, வனத்துறை, நீர்வளத் துறை, ரயில்வே என ஆறு அலுவலகங்களின் எல்லையைக் கடக்க நேரலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம், தனித்தனி ஆய்வு. ஐந்து அனுமதிகள் கைக்கு வந்து ஆறாவது வரவில்லையென்றால் வேலையைத் தொடங்க முடியாது. தொடங்குவதற்குள் முதலில் பெற்ற அனுமதி காலாவதியாகியிருக்கும்.

இதற்கான மருந்து பலருக்கும் தெரிந்ததே: ஒரே விண்ணப்பம், ஒரே இணையவாசல், காலவரம்பு, அந்த வரம்பைத் தாண்டினால் அனுமதி தரப்பட்டதாகவே கொள்ளும் விதி. இந்தியாவில் 2016இல் வந்த வழியுரிமை விதிகள், அதாவது பிறர் நிலத்தின் வழியே கேபிள் கொண்டுசெல்வதற்கான விதிகள், 60 நாள் வரம்பு வைத்து, அதற்குள் முடிவு சொல்லப்படாவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கருத வழிசெய்தன. நிலத்தடிக் கேபிளுக்கான நிர்வாகக் கட்டணம் கிலோமீட்டருக்கு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றும் கூறின. ஆனாலும் விதியை ஏட்டில் வைத்திருப்பதற்கும் களத்தில் நடத்திக்காட்டுவதற்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. அனுமதி கிடைத்ததாகக் கருதி ஒப்பந்ததாரர் வேலையைத் தொடங்கினால், தகவல் எட்டாத கீழ்நிலை அலுவலர் பொக்லைனை நிறுத்திவிடுவார். ஆகவே காலவரம்பு முடிந்த மறுநாள் காலையில் இணையவாசலே அனுமதிச் சான்றை உருவாக்கி, அந்த வட்டார அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் நகல் அனுப்பும்படி அமைக்க வேண்டும்.

உள்ளாட்சிகளின் தயக்கத்துக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. சாலையை வெட்டிவிட்டுச் சரியாக மூடாமல் போகும் நிறுவனங்களால் ஏற்படும் கெட்ட பெயர் ஊராட்சித் தலைவரைத்தான் சேர்கிறது. சீரமைப்புக்கான வைப்புத்தொகையை அல்லது வங்கி உத்தரவாதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்து, ஒரு மழைக்காலம் கடந்த பின் சாலையை ஆய்வு செய்து திருப்பித் தருவது இரு தரப்புக்கும் பொருந்தும்.

ஒருமுறை தோண்டும்போதே குழாயைப் பதியுங்கள்

சாலை அகலப்படுத்தும்போதும் குடிநீர்க் குழாய் போடும்போதும் பள்ளம் எப்படியும் தோண்டப்படுகிறது. அதே பள்ளத்தில் இரண்டு மூன்று பாலித்தீன் குழாய்களை வெறுமையாகப் பதித்து, கேபிளைப் பின்னாளில் இழுப்பதற்கான கயிற்றை உள்ளே விட்டு, முனைகளை அடைத்து, குழாய்க்கு ஓர் அடி மேலே எச்சரிக்கை நாடாவை விரித்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் மூடியுள்ள தொட்டிகளைக் கட்டிவைத்தால், வருங்காலத்தில் கேபிள் போட விரும்பும் நிறுவனம் மறுபடி சாலையைத் தொடத் தேவையில்லை. திட்டத்தின் மொத்தச் செலவில் இதற்கு ஆவது சிறு பங்கே. குழாய் போன பாதையைச் செயற்கைக்கோள் இடங்காட்டி மூலம் பதிவு செய்யத் தவறினால் மட்டும் எல்லாம் வீணாகிவிடும். எங்கே புதைத்தோம் என்று தெரியாத குழாய் இல்லாத குழாய்க்குச் சமம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைப் பணிகளின்போது பதித்த குழாய்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு பண்டமாற்றாகப் பகிர்ந்துகொண்டு தன் கேபிள் வலையை வளர்த்தது. தெலங்கானா, மிஷன் பகீரதா குடிநீர்த் திட்டத்துக்காகத் தோண்டிய பள்ளங்களிலேயே டி-ஃபைபர் என்ற தன் கண்ணாடி இழை இணையத் திட்டத்துக்கான குழாய்களையும் பதித்தது. இந்த நடைமுறையை அரசாணையாக வெளியிட்டால் மட்டும் போதாது. சாலை ஒப்பந்தப்புள்ளியின் அளவுப்பட்டியலில் அது ஒரு தனி இனமாக இடம்பெற வேண்டும். இல்லாவிட்டால் எந்த ஒப்பந்ததாரரும் செய்ய மாட்டார்.

புதைத்ததைக் காப்பதும் இதனோடு சேர்ந்தது. தோண்டும் முன் தகவல் தெரிவிக்க இந்தியாவில் 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி தொடங்கப்பட்டது. மாநிலத் துறைகளும் அவற்றின் ஒப்பந்ததாரர்களும் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

மின்கம்பச் சிக்கலை முன்னதாகவே தீருங்கள்

தோண்டுவதைவிடக் கம்பத்தில் கட்டுவது மலிவு. ஆனால் கம்பத்தின் உச்சியில் மின்கம்பிகள், அதற்குக் கீழே பாதுகாப்பு இடைவெளி, அதற்கும் கீழே தொலைபேசி, கேபிள் டிவி வடங்கள் என இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். புதிய கேபிளுக்கு இடம்விடப் பழைய வடங்கள் ஒவ்வொன்றையும் அதனதன் உரிமையாளர் வந்து நகர்த்த வேண்டும் என்ற நடைமுறை இருந்தால், போட்டி நிறுவனத்துக்காக யார் விரைந்து வருவார்? அங்கீகரிக்கப்பட்ட ஒரே ஒப்பந்ததாரர் ஒரே வருகையில் எல்லா வடங்களையும் நகர்த்தலாம் என்ற விதியை அமெரிக்க ஆணையம் 2018இல், எளிய கம்ப வேலைகளுக்கு ஏற்றுக்கொண்டது.

கென்டக்கி மாநிலத்தின் அனுபவத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மாநிலம் முழுவதும் 3,000 மைலுக்கு மேல் கேபிள் போடும் கென்டக்கிவயர்டு திட்டத்துக்கு 2015இல் தனியார் கூட்டமைப்போடு ஒப்பந்தம் போடப்பட்டது. கம்ப உரிமையாளர்களோடும் நில உரிமையாளர்களோடும் செய்ய வேண்டிய உடன்பாடுகள் முடியாததால் வேலை தள்ளிப்போய், தாமதத்துக்கான இழப்பீட்டை மாநிலமே ஏற்க நேர்ந்தது. 3 கோடி டாலர் என்று சொல்லப்பட்ட மாநிலத்தின் சுமை, 30 ஆண்டுகளில் 150 கோடி டாலரை எட்டும் என 2018இல் மாநிலத் தணிக்கையாளர் மதிப்பிட்டார். கம்ப உடன்பாடு கையெழுத்தாகாமல் கட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. கேரளம் இதில் வேறு வழியைத் தேர்ந்தது: 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் மாநில மின்வாரியத்தையே பங்குதாரராக்கி, அதன் கம்பங்களையும் துணைமின் நிலையங்களையும் பயன்படுத்திக்கொண்டது.

பணத்தை நிபந்தனையோடு கொடுங்கள்

நகரங்களை இணைக்கும் முதுகெலும்புப் பாதையை அரசு கட்டி, எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கட்டணத்தில் வாடகைக்கு விடலாம். வீடுவரை செல்லும் கடைசிப் பகுதிக்கு மானியம் தரலாம். கலிஃபோர்னியா 2021இல் முதுகெலும்புப் பாதைக்கென 325 கோடி டாலர் ஒதுக்கியது. மினசோட்டா 2014இல் தொடங்கிய மானியத் திட்டம், தொடக்கத்தில் செலவில் பாதி வரை தந்து மீதியை நிறுவனத்தையும் உள்ளூர் அமைப்புகளையும் ஏற்கச் செய்தது. தன் பணத்தையும் போடும் நிறுவனம், இணைப்பு வாங்கப் போகிறவர்களை முன்னரே தேடிப் போகும் என்பதால் இந்த முறை எனக்கு மிகவும் ஏற்புடையது.

மானியத் தொகையைத் தவணைகளாகப் பிரித்து, கேபிள் போட்ட தூரத்துக்குப் பதிலாக, வேகம் அளந்து சரிபார்க்கப்பட்ட இணைப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப விடுவிப்பது நல்லது. கடும் வங்கி உத்தரவாத நிபந்தனைகளால் சிறு நிறுவனங்களும் கூட்டுறவுகளும் ஒதுக்கப்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனங்கள் வராத ஊரில் உள்ளாட்சியே வலையமைப்பு நடத்துவதைத் தடுக்கும் சட்டம் இருந்தால் அதை நீக்கலாம். கொலராடோ 2005இல் போட்ட அத்தகைய தடையை 2023இல் விலக்கியது.

கேபிள் வாசல்வரை வந்தும் மாதக் கட்டணம் கட்ட இயலாத குடும்பத்துக்குப் பயன் இல்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 2.3 கோடிக் குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் வரை தந்துவந்த கூட்டாட்சி உதவி, நிதி தீர்ந்து 2024 ஜூனில் நின்றுபோனது. நியூயார்க் மாநிலம், ஏழைக் குடும்பங்களுக்கு நிறுவனங்கள் 15 டாலரில் ஓர் அடிப்படைத் திட்டம் தர வேண்டும் என்று 2021இல் சட்டம் இயற்றி, நீண்ட வழக்குக்குப் பின் 2025 ஜனவரியில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பராமரிப்பை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்

திறப்பு விழா முடிந்த இரண்டாம் ஆண்டில்தான் வலையமைப்பின் உண்மையான தரம் தெரியவரும். அறுந்த கேபிளை எத்தனை மணி நேரத்தில் ஒட்ட வேண்டும், மின்தடையின்போது சாதனங்கள் எவ்வளவு நேரம் மின்கலத்தில் இயங்க வேண்டும், தவறினால் என்ன பிடித்தம் என்பவற்றை முதல் நாளே ஒப்பந்தத்தில் குறிக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் பூட்டிக்கிடக்கும் சாதனத்துக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுகூடப் பழுதுநீக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும். ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் பொறுப்பான இருவரின் பதவிப்பெயரும் தொடர்பு எண்ணும் ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்கட்டும். இணைப்பு இயங்கிய நேர விவரத்தை ஊர்வாரியாக மாதந்தோறும் வெளியிட்டு, அந்தப் பட்டியலை வைத்தே அடுத்த தவணையை விடுவிக்க வேண்டும்.