அப்புச்சியின் பழைய பரிசலைத் திரும்பத் தண்ணீரில் விட்ட கதை (செய்முறையோடு)

கட்டுமரம் கடலுக்கு. மேட்டூர் அணையில் வலை போடுகிறவர்களுக்குப் பரிசல்தான். எங்கள் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) பரிசல் தோட்டத்துச் சாளையில் மூன்று வருஷமாகக் கவிழ்ந்து கிடந்தது. ஏழடி அகலம், சாக்கெல்லாம் நைந்து, தார் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பார்த்ததுமே விறகுக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டுவிடாதீர்கள். சாக்கும் தாரும் எப்படியும் மாற்ற வேண்டியவைதான், மூங்கில் கூடு நன்றாக இருந்தால் போதும்.

முதலில் பழைய சாக்கை உரித்துவிட்டு, ஒவ்வொரு பத்தையையும் (பிளந்த மூங்கில் பட்டை) விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் விட்டுவிடலாம். சத்தம் மழுங்கி, கீழே மாவு கொட்டினால் வண்டு உள்ளே இருக்கிறது. அடிப்பாகத்தையும் சுற்று விளிம்பையும் இரண்டு முறை பாருங்கள். ஆள் உட்காருவது அடியில், வலையை இழுக்கும்போது பாரம் விழுவது விளிம்பில். எங்களுடையதில் ஒன்பது பத்தை போயிருந்தது. பாதிக்கு மேல் போயிருந்தால் புதுசாகவே முடைந்துகொள்வது மேல்.

புது மூங்கிலைப் பிளந்ததும் பின்னக் கூடாது. இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறட்டும். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்து கரைந்து போனால் வண்டு அவ்வளவாக வராது, வளைக்கவும் சுலபம். பின்னும்போது பத்தையின் தோல் பக்கம் வெளியே இருக்க வேண்டும். நான் முதலில் இரண்டைத் திருப்பி வைத்துவிட்டேன், வளைத்த இடத்திலேயே நார் நாராகக் கிளம்பிவிட்டது.

“ஏங்கண்ணு, அது என்ன பாயா?” என்றார் அப்புச்சி. அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன்.

அடுத்தது உறை. உரச்சாக்குகளைப் பிரித்துக் கழுவி, ஒரு சாண் மேல்மடிப்பு விட்டு, கோணி ஊசியும் நைலான் நூலும் கொண்டு தையுங்கள். கூட்டின் மேல் போர்த்தி எதிரெதிர் பக்கமாக இழுத்து விளிம்பில் கட்டுங்கள். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு மூலையில் சுருக்கம் சேரும், தண்ணீர் நுழைவது அங்கேதான்.

தார் வேலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். திறந்த வெளியில் காய்ச்ச வேண்டும், பக்கத்தில் மணல் குவித்து வைக்க வேண்டும். காய்கிற தாரில் தண்ணீர் பட்டால் பொங்கித் தெறிக்கும், தீப்பிடித்தாலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கக் கொதிக்கப் பூசினால் பிளாஸ்டிக் சாக்கு சுருங்கி ஓட்டையாகிவிடும். எனக்கு இரண்டு சாக்கு அப்படித்தான் வீணானது. கொஞ்சம் ஆறவிட்டு, வெளிப்பக்கம் முழுக்க மெல்லிசாகப் பூசுங்கள். தையல் வரிகளுக்கு மட்டும் இரண்டு கை. கனமாக அப்பினால் எடைதான் கூடும், வெயிலில் வெடிப்பும் விடும்.

காய்ந்ததும் பரிசலைக் கற்கள் மேல் தூக்கி வைத்து உள்ளே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். வெளியே எங்கே கசிகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, காயவிட்டு, தார் ஒத்துங்கள்.

நான் செய்த மாற்றம் இரண்டுதான். பழைய மோட்டார் ஓஸ் குழாயை நீளவாக்கில் கிழித்து விளிம்புக்குப் போர்த்தினேன். முன்பெல்லாம் மூங்கில் முனையில் வலை மாட்டிக் கிழியும், இப்போது வழுக்கிக்கொண்டு வருகிறது. அப்புறம், இருபது லிட்டர் கேன் இரண்டை இறுக மூடி உள்பக்கம் எதிரெதிராகக் கட்டினேன். பரிசலில் தண்ணீர் நிறைந்தால் அவை இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய நாற்பது கிலோ அளவுக்குத் தாங்கும். அதற்காக லைஃப் ஜாக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அணையில் வலை போட மீன்வளத்துறை அனுமதியும் வேண்டும்.

முதல் நாள் இடுப்பளவு தண்ணீரிலேயே பழகுங்கள். துடுப்பைப் பக்கவாட்டில் போட்டால் பரிசல் பம்பரமாகச் சுற்றும். முன்னால் போட்டு, தண்ணீரை இடமும் வலமுமாக அலசித் தன் பக்கம் இழுக்க வேண்டும். நான் அரை மணி நேரம் ஒரே இடத்தில் சுற்றினேன். கரையில் உட்கார்ந்திருந்த அப்புச்சி வெற்றிலை போட்டு முடித்துவிட்டு, “போதுஞ்சாமி, மீனெல்லாம் தலைசுத்திக் கிடக்கும், வா” என்றார்.